ரிடக்டிவ் அமினேஷனில் பென்சைல் ஆல்கஹால் வருவது ஏன்?

நாகர்கோவில் கல்லூரி ஆய்வகத்தில் பென்சால்டிஹைடையும் அனிலினையும் மெத்தனாலில் கலந்து, 10 நிமிடத்தில் சோடியம் போரோஹைட்ரைடு போட்டதாகவும், பாதிக்குப் பாதி பென்சைல் ஆல்கஹால் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரம்தான் காரணம். ரிடக்டிவ் அமினேஷனில் ஆல்டிஹைடும் அமீனும் (இங்கே அனிலின்) முதலில் சேர்ந்து இமைன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) ஆக வேண்டும்; அதைத்தான் போரோஹைட்ரைடு ஒடுக்கிப் புதிய அமீனாக்க வேண்டும். இமைன் முழுதாக உருவாகுமுன் போரோஹைட்ரைடு மீதி ஆல்டிஹைடைப் பிடித்து பென்சைல் ஆல்கஹாலாக ஒடுக்கிவிடுகிறது.

இமைன் முழுதாக உருவாகிவிட்டதா என்று பார்க்க டி.எல்.சி.யை (சிலிக்கா தகட்டில் சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் சோதனை) நம்பவே வேண்டாம். சிலிக்கா பட்டதும் இமைன் உடைந்து ஆல்டிஹைடு புள்ளி தெரியும். புரோட்டான் என்.எம்.ஆர் (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் நிறமாலை) எடுங்கள்: 10.0 பி.பி.எம்மில் உள்ள ஆல்டிஹைடு சிகரம் போய் 8.45 அருகே இமைனுக்கான புதியது வந்திருக்க வேண்டும்.

பென்சால்டிஹைடு பாட்டிலின் வாயில் வெள்ளைப் படிகம் ஒட்டியிருக்கிறதா? அது பென்சாயிக் அமிலம். 10% சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வாலைவடியுங்கள்.

பிறகு பென்சால்டிஹைடு 1.06 கிராம், அனிலின் 0.93 கிராம், உலர் டைகுளோரோமீத்தேன் 20 மி.லி., 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்குலர் சீவ் (இமைன் உருவாகும்போது வரும் நீரை உறிஞ்சும் நுண்துளைப் பொருள்) 2 கிராம். காற்றின் ஈரம் புகாமல் கால்சியம் குளோரைடு குழாய் மாட்டி 4 மணி நேரம் கலக்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் திறந்து கிடந்த சீவ் உதவாது. 300 டிகிரியில் 3 மணி நேரம் சூடாக்கி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டே போடுங்கள்.

வடிகட்டி, கரைப்பானை நீக்கி, மெத்தனால் 20 மி.லி. சேர்த்துப் பனிக்கட்டித் தொட்டியில் வையுங்கள். போரோஹைட்ரைடு 0.45 கிராமை ஐந்து தவணையாகப் போடுங்கள். ஹைட்ரஜன் நுரைத்து வரும்; குடுவையை மூடாதீர்கள், ஃபியூம் ஹூடிலேயே செய்யுங்கள்.