முதலில் நிழலை வரையுங்கள்

கேள்வி: மணல்திட்டில் உப்புக்கொத்திப் பறவைகளைப் பார்த்து வரைய முயல்கிறேன். பென்சிலை எடுப்பதற்குள் ஓடிவிடுகின்றன. குஞ்சுகளோ நின்ற இடத்திலேயே காணாமல் போகின்றன. வரைந்தாலும் பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அதன் பின்னால் நடப்பதை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் உட்காருங்கள். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடும் பறவை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். அந்த நிற்கும் நொடிதான் உங்களுக்கானது. ஒரே தாளில் ஐந்தாறு உருவங்களை அரைகுறையாகத் தொடங்கி வையுங்கள். பறவை பழைய நிலைக்கு வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்றால் எதுவும் தேறாது.

இனி, அது மறையும் விதம். முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை. வெயில் முதுகை வெளுக்க வைக்கிறது, வயிறு நிழலில் மங்குகிறது. இரண்டும் சமமாகி உடலின் திரட்சியே தெரிவதில்லை. மார்பின் கறுப்புப் பட்டை தலையையும் உடலையும் தனித்தனித் துண்டாக்கிக் காட்டுகிறது. நாமோ அந்தப் பட்டையைத்தான் முதலில் அழுத்தி வரைவோம்! அதைக் கடைசிக்கு வையுங்கள். தரையில் விழும் நிழலை முதலில் போட்டால் பறவை நிற்கும் இடம் உறுதியாகிவிடும். வெளிச்சம் படும் ஓரத்தில் கோடே வேண்டாம்.

குஞ்சு பஞ்சு உருண்டைதான், அதில் தப்பில்லை. கோளாறு காலில். பொரித்துத் தூவி உலர்ந்த சில மணி நேரத்திலேயே ஓடுவதால், உடம்புக்குப் பொருந்தாத நீளமும் தடிமனும் அந்தக் கால்களுக்கு உண்டு. பின்பக்கம் மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். விரல் மூன்றுதான், பழக்கதோஷத்தில் பின்விரல் போட்டுவிடாதீர்கள்.

பெரிய பறவை எச்சரித்ததும் குஞ்சு தரையோடு தரையாகப் படுத்துவிடும். அசையாத மாடல் கிடைத்தது என்று நெருங்காதீர்கள். சின்னக் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. நீங்கள் நிற்கும்வரை பெரியது அணைக்க வராது. அது இறக்கை ஒடிந்ததுபோல இழுத்து நடித்தால், நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் போய்விட்டீர்கள். காலடியைப் பார்த்துக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்புங்கள். தூரத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது குந்தும், குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடியில் நுழையும், ஒரு பறவைக்கு ஏழெட்டுக் கால்கள் தெரியும். அதை வரையுங்கள்.