முடி கொட்டுகிறதா? மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

நான் தோல் மருத்துவர், நாகர்கோவிலில் பார்க்கிறேன். தலைமுடி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் மாவட்டக் குழுவில் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரும் வயதும் போதும். விளக்க வேண்டியதை விளக்கமாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு ஒரு வரிதான்.

தக்கலை, பெண், 29: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தலை குளித்தால் கையோடு கொத்தாக வருகிறது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்கிறார் அம்மா. அப்படியா டாக்டர்?

அம்மா கவனித்தது சரி, காரணம்தான் வேறு. பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். பிரசவத்துக்குப் பிந்தைய முடி உதிர்வும் அதையொட்டித்தான் தொடங்கும்.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் சுருங்கி, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் நின்று உதிரும். ஆரோக்கியமான தலையிலிருந்தே தினமும் 50 முதல் 100 முடி விழுவது இதனால்தான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றுவிடும். பிரசவத்தோடு ஹார்மோன் இறங்கும். அப்போது நின்ற முடியெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து மொத்தமாக விழும். வேர் சாகவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்போது பெரும்பாலோருக்குப் பழையபடி ஆகிவிடும்.

இந்த 3 மாதக் கணக்கை எல்லோரும் மனதில் வையுங்கள். இன்று கொத்தாகக் கொட்டுகிறது என்றால், போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்: காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், பெரிய துக்கம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை.

உங்களுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும் உண்டு. பால் கொடுக்கும் காலத்தில் முடிக்கென்று எந்த மருந்தையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

குளச்சல், ஆண், 24: நெற்றியில் இரண்டு பக்கமும் ஏறுகிறது. அப்பாவுக்கு வழுக்கை இல்லை, மாமாவுக்கு உண்டு. மெடிக்கலில் சொல்லி மினாக்சிடில் வாங்கிப் போட்டேன். ஒரே மாதத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டியதால் நிறுத்திவிட்டேன்.

தம்பி, மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள். மினாக்சிடில் போட்ட முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக விழுவது வழக்கம். ஓய்வில் நின்ற பழைய முடி போனால்தான் அந்தக் குழியில் புதியது வளரும். இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் விற்றுவிடுகிறார்கள்.

ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் டிஹெச்டி என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உடம்பே அதை உண்டாக்குகிறது. பரம்பரையாக அதனால் பாதிக்கப்படும் வேர்கள் நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். இந்தப் பரம்பரை தாய் வழியில் மட்டும் வருவதில்லை, இரண்டு பக்கமிருந்தும் வரும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் பூசும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதத்தில், காப்பாற்றிய முடியும் போய்விடும். தொடர முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

இன்னொன்று ஃபினாஸ்டெரைடு மாத்திரை, 1 மில்லிகிராம். டிஹெச்டி உண்டாவதையே குறைக்கும். 1997 முதல் வழுக்கைக்குப் பயன்படுகிறது. சிலருக்கு ஆண்மை சார்ந்த தொந்தரவும் மனச்சோர்வும் வரலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. பிராஸ்டேட்டுக்காக எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளவைப் பாதியாக்கிக் காட்டும். இவ்வளவும் இருப்பதால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்து இல்லை இது. குளச்சலிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. தோல் பிரிவில் காட்டுங்கள்.

24 வயதில் வந்தது நல்லது. தோல் வழுவழுவென்று மின்னத் தொடங்கிய இடத்தில் எந்த மருந்தும் முளைக்க வைக்காது.

மணவாளக்குறிச்சி, ஒரு தாய்: மகளுக்கு 16 வயது. டெங்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது, முடி பாதியாகிவிட்டது.

மூன்று மாதக் கணக்குதான். வேர் இருக்கிறது, தானாக வரும். ஆனால் காய்ச்சலோடு இளைத்த பிள்ளைக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் மட்டும் கொடுக்காதீர்கள். முடி முழுக்கப் புரதம். சாளை மீன் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் தாராளமாகக் கொடுங்கள். முட்டை, சிறுபயறு, கடலையும் கொடுக்கலாம். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் வாருங்கள்.

கருங்கல், ஆண், 33, குவைத்தில் வேலை: இங்கே கடல்தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். எங்கள் ரூமில் பாதிப் பேருக்கு வந்த பிறகுதான் முடி போனது. தண்ணீர்தான் காரணம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், தண்ணீர் காரணமில்லை. வளைகுடாவுக்கு நம் பையன்கள் போவது 22, 25 வயதில். வழுக்கை முகம் காட்டும் வயதும் அதுதான். ஊரில் இருந்த அண்ணன் தம்பிக்கும் அதே வயதில் ஏறியிருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கன்னியாகுமரி, ஆண், 41: டாக்டரம்மா, எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எங்கள் தெருவில் பெண்களுக்கெல்லாம் முடி கொட்டுகிறது. அனுபவத்தைப் பொய் என்கிறீர்களா?

இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குவைத்திலிருந்து கேட்டவர் உப்பை எடுத்த தண்ணீரைக் குற்றம் சொல்கிறார், நீங்கள் உப்பு நிறைந்த தண்ணீரை. தண்ணீர் படுவது தோலுக்கு வெளியே இருக்கும் முடியில். வேர் தோலுக்குள் இருக்கிறது, அதை வளர்ப்பது ரத்தம்.

உப்புத் தண்ணீர் முடியைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடியில் படியும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் முறியும். விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாத துண்டு துண்டான முடி என்றால் முறிந்தது. முறிவுதான் என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சோப்பை விட்டுவிட்டு ஷாம்பூவும் கண்டிஷனரும் போடுங்கள். கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால்கூடப் போதும்.

நாகர்கோவில், ஆண், 38: மகாராஷ்டிராவில் 2025-ல் கிராமம் கிராமமாக மொட்டையானார்களே, அது தண்ணீரால் இல்லையா?

நல்ல கேள்வி. புல்தானா மாவட்டத்தில் நடந்தது. சில நாட்களிலேயே முடி மொத்தமாக உதிர்ந்தது. அங்கேயும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு கவனம் செலினியம் என்ற தாதுவின் பக்கம் திரும்பியது. சாப்பிட்ட கோதுமை வழியாக அது உடம்புக்குள் போனதா என்று ஆராய்ந்தார்கள். செலினியம் மிஞ்சினால் முடியும் நகமும் விழும் என்பது முன்பே தெரிந்த விஷயம். கடைசியில் உடம்புக்குள் போன பொருள் மேல்தான் சந்தேகம் விழுந்தது, தலையில் ஊற்றிய தண்ணீர் மேல் இல்லை.

மார்த்தாண்டம், பெண், 27, சவுதியில் நர்ஸ்: எனக்கு வழுக்கைப் பரம்பரை கிடையாது. வந்த நான்காம் மாதம் கொட்டத் தொடங்கியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மகளே, நீங்கள் நர்ஸ், நீங்களே கணக்குப் போடுங்கள். நான்கிலிருந்து மூன்றைக் கழித்தால் வந்து சேர்ந்த புதிது. நைட் டியூட்டி, வீட்டு நினைப்பு, நேரத்துக்குச் சாப்பிடாதது, எடை குறைந்தது. இதில் எத்தனை பொருந்துகிறது? ஃபெரிட்டின் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். சாப்பாட்டோடு சாயா குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சாயா இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர வைக்கும்.

தண்ணீர் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

திருவட்டாறு, பெண், 52, இன்னும் பலரும்: செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தேய்த்தால் முடி வளருமா?

தேங்காய் எண்ணெய் நல்லது, ஆனால் அது முடிக்கு, வேருக்கு இல்லை. அதில் உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கி, குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. அதனால் முறிவு குறையும், பளபளப்பு வரும். நம் அம்மாமாரின் முடி அழகாக இருந்ததில் அதற்குப் பங்கு உண்டு. வழுக்கையையோ இரும்புச்சத்துக் குறைவையோ அது சரிசெய்யாது. பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு.

லேபிள் இல்லாத பாட்டிலில் விற்கும் எண்ணெயை வாங்காதீர்கள். என்ன கலந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஆயுர்வேதத் தைலம் பற்றிக் கேட்டவர்கள் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், அது என் துறை இல்லை.

அருமனை, ஆண், 31: தாடியில் காசு அளவுக்கு வட்டமாகப் போய்விட்டது. பூச்சிவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்க்கிறேன்.

பூச்சி எதுவும் வெட்டவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாக முளைக்கும். அப்போது கடைசியாகத் தேய்த்த பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் வரும். பூண்டு, மிளகு வைத்துத் தோலைப் புண்ணாக்கினால் தழும்பில் முடி வராது, அதுதான் எனக்குப் பயம். மெடிக்கலில் ஸ்டீராய்டு கிரீம் வாங்கி முகத்தில் பூசவும் வேண்டாம்.

குழித்துறை, பெண், 34: பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் ஒரு வைட்டமின், அதன் குறைபாடு அபூர்வம். இல்லாத குறைக்கு மாத்திரை வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன் கட்டாயம் டாக்டரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். டெஸ்ட் முடிவைத் தப்பாகக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் கெடுக்கும். வைட்டமின் ஏ மாத்திரை அளவுக்கு மீறினாலும் முடி கொட்டும்.

பூதப்பாண்டி, ஆண், 26: திருச்செந்தூரில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வருமா?

வராது. நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், முடிக்காக வேண்டாம்.

நான்கு பேர்: ஹெல்மெட்டால் முடி கொட்டுமா?

கொட்டாது. கட்டாயம் போடுங்கள்.

தோவாளை, பெண், 22: நெற்றி ஓரத்தில் மட்டும் முடி குறைகிறது. தினமும் இறுக்கிப் பின்னிப் பூ வைப்பேன்.

பின்னலைத் தளர்த்துங்கள். வருடக்கணக்கில் இழுத்தால் வேர் திரும்பி வராது. பூவை நுனிப்பக்கம் வையுங்கள்.

களியக்காவிளை, பெண், 45: அடுத்த வாரம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் கீமோ தொடங்குகிறது. வலியைவிட, முடி போவதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. இதைக் கேட்பது தப்பா?

இதில் தப்பே இல்லை. எல்லா கீமோ மருந்தும் முடியைக் கொட்டவைக்காது. உங்களுக்குத் தரப்போவது எது என்று டாக்டரிடம் கேளுங்கள். கொட்டும் மருந்து என்றால் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், புருவமும் போகலாம். அதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் கொத்தாக விழுவதைப் பார்க்கும் வேதனை குறையும். விக் வேண்டுமென்றால் இப்போதே, சொந்த முடி இருக்கும்போதே அளவும் நிறமும் பார்த்து வாங்குங்கள். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ வரலாம், போகப்போகப் பெரும்பாலும் மாறிவிடும். இடையில் யார் என்ன எண்ணெய் தந்தாலும் ஆர்.சி.சி. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். முடி தவிர வேறு என்ன கேட்க வேண்டுமானாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

வெள்ளிச்சந்தை, ஆண், 36: முடி நடும் ஆபரேஷன் குறைந்த விலையில் செய்கிறார்கள், போகலாமா?

பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் நடுவது. அங்கே இருக்கும் முடி அளவானது, தப்பாக எடுத்தால் திரும்பக் கிடைக்காது. செய்யப்போகிறவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, மயக்க மருந்தும் அவசரச் சிகிச்சை வசதியும் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போகவேண்டாம். நட்ட பிறகும், மிச்ச முடிக்கு மருந்து தொடர வேண்டும்.

ராஜாக்கமங்கலம், ஒரு தகப்பன்: மகனுக்கு 6 வயது. தலையில் செதில் செதிலாக ஒரு வட்டம், முடி முறிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கிறது, சொறிகிறான். மெடிக்கலில் தந்த கிரீம் கேட்கவில்லை.

படர்தாமரை தலையில் வந்தது போலத் தெரிகிறது, நேரில் பார்த்தால்தான் உறுதி. அப்படியென்றால் கிரீம் வேருக்குள் இறங்காது, சில வாரம் உள்மருந்து வேண்டும். அதுவரை அவன் சீப்பு, துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். புதிதாகப் பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ வந்திருந்தால் அதன் தோலிலும் முடி போன இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். நாளைக்கே கூட்டிவாருங்கள். வருவதற்கு முன் எண்ணெய் தேய்க்க வேண்டாம், செதிலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.