ஓய்வு நேரத்திலும் வேலையைப் பற்றி யோசித்தால் படைப்பாற்றல் கூடுமா, குறையுமா?

எப்படி யோசிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேலாளர் சொன்ன கடுஞ்சொல்லை நினைத்து மனம் புழுங்கினால் தூக்கம் கெடும். மறுநாள் புதிதாக எதையும் யோசிக்கத் தெம்பு இருக்காது. ஒரு சிக்கலைப் பதற்றமில்லாமல், ஆர்வத்தோடு அசைபோடுவது வேறு. உளவியல் ஆய்வாளர்களும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். இரண்டாவது வகை புது யோசனைகளுக்கு உதவக்கூடும்.

அப்புறம், கொஞ்ச நேரம் மறந்திருப்பதிலும் பலன் உண்டு. ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரஹாம் வாலஸ் 1926இலேயே படைப்புச் சிந்தனையைத் தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்ப்பு என நான்கு கட்டங்களாகப் பிரித்தார். அடைகாக்கும் கட்டத்தில் நாம் சிக்கலை விட்டு விலகியிருக்கிறோம். குளிக்கும்போது சட்டென்று விடை தோன்றுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

ஆனால் நாமாக விரும்பி யோசிப்பதும், இரவில் வரும் அலுவலகச் செய்தி நம்மை யோசிக்க வைப்பதும் ஒன்றல்ல. அனுப்புகிறவர்கள் இதை உணர வேண்டும் என்பது என் ஆதங்கம்.