காய்ச்சல் இறங்கும் நாளில் கவனம் தேவை

கேள்வி: எங்கள் வீடு ரப்பர் தோட்டத்தை ஒட்டியது. 9 வயது மகனுக்குச் சென்ற ஆண்டு டெங்கு வந்து குணமானது. வைரஸை அதிகம் பரப்பும் கொசு வகை வந்துவிட்டதாக இணையத்தில் படித்தேன். வேறு ஊருக்குப் போய்விடலாமா? காய்ச்சல் வந்தால் உடனே கொடுக்க வலி மாத்திரைகள் வாங்கி வைத்திருக்கிறேன். – வாசகி, குலசேகரம்

பதில்: ஊர் மாற வேண்டாம் அம்மா. மகனுக்கு மறுபடி டெங்கு வந்தால் பிழைப்பானா என்பதுதானே உங்கள் பயம்? டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அப்போதும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

கொசுக்களிடையே வேறுபாடு இருக்கிறது. வைரஸ் கொசுவின் குடலைத் தாண்டிப் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்தால்தான் அடுத்தவருக்குப் பரவும். பல கொசுக்களில் அது குடலோடு நின்றுவிடும். ஒரே இனத்திலும் இந்தத் திறன் ஊருக்கு ஊர் மாறும். சில சமயம் வைரஸே மாறிவிடுகிறது. 2005-06இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில், டெங்குவைப் போலவே கொசுவால் பரவும் சிக்குன்குனியா நோயின் வைரஸில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால், ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசு அதை எளிதாகப் பரப்பியது. 2007இல் கேரளத்திலும் அதே மாற்றம் காணப்பட்டது. உங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் பெருகுவதும், டெங்குவையும் பரப்பக்கூடிய இந்தக் கொசுதான். பால் வெட்டாத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இதற்குமேல் கொசு ஆராய்ச்சி உங்களுக்குத் தேவையில்லை.

நீங்கள் பயப்பட வேண்டிய நேரம் வேறு. டெங்குவில் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பிள்ளை விளையாடக் கிளம்பினால் நல்லது. துவண்டு படுத்தாலோ, கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரவென்றாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை மட்டும் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்காராதீர்கள்.

அந்த வலி மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள். ஐபுபுரூஃபென், டைக்குளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றுமே டெங்குவில் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.