நார்ஸ்மன் போட்டிக்குக் கணவர் போகிறார், நான் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், நாங்கள் ஆஸ்லோவில் இருக்கிறோம். கணவருக்கு 46 வயது, ரத்தக்கொதிப்புக்கு லோசார்டன் சாப்பிடுகிறார். மாமனாருக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. வரும் ஆகஸ்டில் நடக்கும் நார்ஸ்மன் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) குலுக்கலில் இவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. முழங்கால் வலிக்கு அவ்வப்போது இபுப்ரோஃபென் போடுவார். காரில் கூடப் போகும் சப்போர்ட் ஆள் நான்தான். அவர் போகலாமா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போகலாமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, பரிசோதனை முடிவுகள் வரட்டும். அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, மகனுக்கு ரத்தக்கொதிப்பு. அதோடு தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வருகிறது. அதனால் ஈசிஜி மட்டும் எடுத்துவிட்டு 'நார்மல்' என்று திரும்பி வந்துவிடக் கூடாது. கொலஸ்ட்ரால், சர்க்கரை, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை ஆகியவை வேண்டும். தேவைப்பட்டால் இதய ரத்தக்குழாய்களுக்கு சிடி எடுப்பதா என்று இதய மருத்துவர் முடிவு செய்வார். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆண்கள் இதைத்தான் முதலில் மறைப்பார்கள்.

மற்ற வாசகர்களுக்காக: நார்ஸ்மன் 2003 முதல் நார்வேயில் நடக்கிறது. அதிகாலை 5 மணிக்குப் படகிலிருந்து ஹார்டாங்கர் ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்த கடல்) குதித்து 3.8 கிலோமீட்டர் நீச்சல், மலைமேட்டைக் கடந்து 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் மாரத்தான் தூர ஓட்டம். அது சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், கவுஸ்டாடொப்பன் மலையில் முடிகிறது.

மலை ஏற்றம்தான் ஆபத்து என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்தார்கள். மொத்தம் 135 பேர், அதில் 90 பேருக்கு நீச்சலின்போது நடந்தது. 85 சதவீதம் பேர் ஆண்கள், சராசரி வயது 47. பங்கேற்றவர்களில் ஒரு லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், பயந்துவிடாதீர்கள்.

ஃபியோர்டின் தண்ணீர் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். திடீரென்று அதில் குதித்தால் மூச்சு தானாக வாரி இழுக்கும், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும். அதே நேரத்தில் முகம் தண்ணீரில் அமிழ்வதால் துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயலும் தொடங்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது துடிப்பின் தாளம் தவறலாம். இந்த அதிர்ச்சி இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். குதித்ததும் வேகமாக நீந்தாமல், மூச்சு சீராகும்வரை மிதக்கட்டும். நீச்சல் குளப் பயிற்சி இதற்குப் போதாது. ஜூன், ஜூலையில் குளிர்ந்த நீரில், ஆள் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்க வேண்டும்.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த நீரில் நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பும் கூடுதல். இறுக்கமான வெட்சூட்டும் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை), நீந்துவதற்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் அதை மோசமாக்கலாம். இருமல், நெஞ்சில் கரகர சத்தம், நுரையோடு இளஞ்சிவப்பாகச் சளி வந்தால் உடனே கையைத் தூக்கி மீட்புப் படகைக் கூப்பிட வேண்டும். 'கரை பக்கம்தானே' என்று நீந்தக் கூடாது.

கரையேறிய பிறகும் உடம்பின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். உலர்ந்த உடை, குல்லா, இளஞ்சூடான இனிப்புப் பானம் தயாராக இருக்கட்டும். நடுங்கினால் பரவாயில்லை. பேச்சு குழறினாலோ, ஹெல்மெட் வாரைத் தானாகப் போட முடியாமல் தடுமாறினாலோ சைக்கிளில் ஏற விடாதீர்கள், மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

இபுப்ரோஃபென் அன்று வேண்டவே வேண்டாம். லோசார்டன், நீரிழப்பு, இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். லோசார்டனை அன்று காலை போடுவதா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையையும் ஒருமுறை பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் சேர்ந்ததாக இருந்தால், அது சிறுநீர்ப் பெருக்கி. விளையாட்டு வீரர்களுக்கான உலகத் தடைப்பட்டியலில் இருப்பதால் முன்னதாகவே மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும்.

அப்புறம், பாசத்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாட்டிலை நீட்டாதீர்கள். அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வாந்தி, தலைவலி, சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவை தெரிந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

ஓட்டத்தின் 32.5 கிலோமீட்டரில் முதலில் வரும் 160 பேருக்குத்தான் உச்சி வரை அனுமதி, கறுப்பு டி-ஷர்ட்டும் அவர்களுக்குத்தான். அந்தச் சட்டைக்காகப் பலர் அறிகுறிகளை விழுங்கிக்கொண்டு ஓடுவார்கள். 'நிறுத்து' என்று நீங்கள் சொன்னால் நிறுத்துவேன் என்று வீட்டிலேயே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அவருக்கு உச்சி வரை அனுமதி கிடைத்தால், கடைசிப் பாறை வழியில் சப்போர்ட் ஆளும் முதுகுப்பையோடு கூட ஏற வேண்டும். விடியும் முன்பே எழுந்து நாள் முழுக்க கார் ஓட்டிவிட்டு ஏறப் போகிறீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதே மேட்டில் நடந்து பழகுங்கள். அன்று இரவு ஆஸ்லோவுக்குத் திரும்ப வேண்டாம், பக்கத்திலேயே அறை எடுத்துத் தூங்குங்கள்.