ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் அது வைரஸ் காய்ச்சல்தானா?

மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், கண்ணும் சிவந்திருக்கிறது, இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் அனலாய்க் கொதித்தால் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கும் அரிய நோய் ஒன்று உண்டு: கவாசாகி நோய். ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967-இல் இதை விவரித்து எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கே வருகிறது.

கண்ணை நன்றாகப் பாருங்கள். கிருமித் தொற்றால் வரும் கண்வலியில் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். கவாசாகி நோயில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும், ஆனால் பீளை இராது. உதடு வறண்டு வெடிக்கும். நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவந்து பொரிபொரியாகத் தெரியும். உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவையும் உண்டு. எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று மறைந்தபின் மற்றொன்று தோன்றலாம் என்பதால், கண்டதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் நுனித் தோல் உரிவது இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கும். அதுவரை காத்திருக்கவே கூடாது.

ஏனென்றால் இந்த நோய் இதயத் தமனிகளின் சுவரைப் புண்ணாக்கிப் புடைக்க வைக்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்கு இது நேர்கிறது. முதல் 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். எக்கோ எனும் இதய ஸ்கேன் பரிசோதனையில் தமனிகளின் நிலை தெரியும்.