எஞ்சின் ஆயில் குடிக்கிறது: எந்தப் பட்டறை சொல்லும் விலை நியாயம்?

வாகனப் பராமரிப்பு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி வேகன் ஆர் பெட்ரோல் கார் என்னிடம் உள்ளது. இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த ஓராண்டாக 1,500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்ற அளவில் எஞ்சின் ஆயில் குறைகிறது. லிட்டர் 450 ரூபாய்க்கு வாங்கி ஊற்றி வருகிறேன். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க 72,000 ரூபாய் என்கிறார்கள். ஊரிலுள்ள பெரிய பட்டறை ஒன்றில் 38,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக்கோ, வால்வு சீல் மாற்றினால் போதும், 9,500 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். இவற்றுள் எந்த விலை நியாயமானது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பதால், இந்தத் தொகைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதை மூவரில் எவராவது சோதித்துப் பார்த்தார்களா என்பது தங்கள் கடிதத்தில் இல்லை. சோதிக்காமல் சொல்லப்பட்டிருந்தால், 9,500 ரூபாயும் அதிக விலையே. சோதனைக்குப் பின் தக்க காரணத்துடன் சொல்லப்பட்டிருந்தால், 38,000 ரூபாய் நியாயமாகவும் இருக்கலாம்.

ஆயில் குறைவதற்கு உள்ள வழிகள் சிலவே. முதலாவது வெளிக்கசிவு: டேப்பட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடம், அடியிலுள்ள ஆயில் சம்ப் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று எஞ்சினைத் துடைத்துவிட்டு, நான்கைந்து நாட்கள் ஓட்டிய பின் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் உறிஞ்சு பாதைக்கு அனுப்பும் பிசிவி வால்வு. மலிவான, கையடக்கமான இந்தப் பாகம் பழுதானால் ஆவியோடு ஆயிலும் இழுக்கப்பட்டு எரிகிறது. அல்லது உள்ளே அழுத்தம் கூடிச் சீல்கள் வழியே ஆயில் பிதுங்குகிறது. மூன்றாவது, வால்வுத் தண்டு வழியே ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல். நான்காவது, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும். இந்த வரிசையில் போகப்போகச் செலவு பல மடங்கு கூடுகிறது; ஆகவே சோதனையும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய காரில் இதே தொல்லை வந்தபோது, ஒரு பட்டறையில் ரிங் போய்விட்டது என்றார்கள். நம்பி எஞ்சினை இறக்கச் சம்மதித்தேன். வேலை முடிந்து இரண்டே மாதத்தில் ஆயில் பழையபடி குறையத் தொடங்கியது. பிறகு வேறொரு மெக்கானிக் பிசிவி வால்வைக் கழற்றி என் காதருகே குலுக்கிக் காட்டினார். கலகலவென்று அசைய வேண்டிய வால்வு, கரி படிந்து சிறிதும் அசையாமல் இறுகிக் கிடந்தது. அதை மாற்றியதும் தொல்லை நின்றது. நான் அதற்கு முன் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

வால்வு சீலா, ரிங்கா என்பதைப் பணம் செலவழிக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து, சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் சந்தேகம் வால்வு சீல் மீது விழும். இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். தங்கள் ஊர்க்காரருக்கு இன்னொரு சோதனையும் எளிது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே நெடுந்தூரம் வந்தால், உறிஞ்சு பாதையில் வெற்றிடம் மிகுந்து தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயில் இழுபடும். சமதளத்துக்கு வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் வருபவர் நீலப் புகையைக் காண்பார். அப்படியின்றி, ஏற்றத்திலும் வேகம் எடுக்கும்போதும் புகை தொடர்ந்து வந்தால் ரிங்கின் பக்கம் பார்க்க வேண்டும்.

ஊகத்தை உறுதிப்படுத்துவது, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். தங்கள் எஞ்சினில் மூன்று சிலிண்டர்களே உள்ளதால் அதிக நேரம் பிடிக்காது. முதலில் அப்படியே அளந்து, பிறகு ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டாம் முறை அளவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆனால், இங்கே அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரஷனைத் தாங்குபவை மேலிரண்டு ரிங்குகள். ஆயிலை வழித்து இறக்குவது கீழேயுள்ள ஆயில் ரிங். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத எஞ்சினில் இந்த ஆயில் ரிங் மட்டும் கரியால் இறுகிப்போய்விடும். அப்போது கம்ப்ரஷன் சரியாக இருக்கும், எஞ்சினும் நன்றாக இழுக்கும், ஆனாலும் ஆயில் குறையும். ஆகவே பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டு, பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. சுவரில் கீறல் இல்லாமல் பிஸ்டன் மீது கரி மட்டும் மண்டியிருந்தால், கரி கரைக்கும் திரவத்தைப் பிளக் துளைகளில் விட்டு ஓரிரவு ஊறவைத்து, எஞ்சியதை வெளியேற்றி உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்க்கலாம். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சினை இறக்குவதற்கு முன் செய்து பார்க்கத் தக்கது.

இந்தச் சோதனைகளுக்குக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரை நாள் சோதித்துவிட்டு ஒன்றும் பெறாத மெக்கானிக், அந்த நேரத்துக்கான பணத்தைப் பாகங்களில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி எஸ்டிமேட்டுகளுக்கு வருவோம். 38,000 ரூபாய் என்று ஒற்றை வரியில் எழுதியதை எஸ்டிமேட்டாக ஏற்காதீர்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி எவ்வளவு, லேத் வேலை எவ்வளவு, எந்தெந்தப் பாகம் எந்த நிறுவனத் தயாரிப்பு, ஆயில், கூலண்ட், பேக்கிங் செட் எல்லாம் சேர்ந்ததா, ஜிஎஸ்டி உட்படவா என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாகனப் பாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதமே. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மேலும், பெட்டி மீது அச்சிட்ட எம்ஆர்பி வரி உட்பட்ட விலை. அதன் மீது மறுபடி 18 சதவீதம் கூட்டினால் அது தவறு. கூலிக்கு மட்டும் வரி தனியாக வரும். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரிங் வேலைதான் என்று முடிவானால், கேட்க வேண்டிய முதல் கேள்வி சிலிண்டர் அளவு பற்றியது. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலும் நடுவிலும் கீழும், குறுக்கு வாட்டத்திலும், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்தால்தான், துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். தேய்மானம் நிறுவனம் குறித்த வரம்புக்குள் இருந்தால், சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்து புதிய ரிங் போட்டால் போதும். வரம்பைத் தாண்டியிருந்தால் லேத்தில் போர் செய்து, அதாவது துளையை அகலப்படுத்தி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். செலவு அப்போதுதான் ஏறுகிறது. முட்டை வடிவத் துளைக்குள் புதிய ரிங்கைச் செருகி மூடிவிடுவது குறைந்த விலையில் முடியும், ஆனால் சில மாதங்களில் ஆயில் மறுபடி குறையும். எனவே அளவுகளை எழுதிக் கேளுங்கள். அளக்காமலேயே, கையால் தடவிப் பார்த்தாலே தெரியும் என்பவரிடம் எஞ்சினை ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியிருக்கும் அந்த நேரத்திலேயே வால்வு சீலையும் மாற்றிவிடுவது சிக்கனம், ஏனெனில் சீலின் விலை மிகக் குறைவு, கூலியே பெரிது.

தெரு மெக்கானிக் சொன்ன 9,500 ரூபாயிலும் பெரும்பகுதி கூலிதான் என்பதால், அதைக் கேட்பது தவறில்லை. ஹெட்டைக் கழற்றிச் செய்வாரா, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கவைத்து, ஹெட் இருந்த இடத்திலேயே சீலை மாற்றுவாரா என்று கேளுங்கள். இரண்டாவது முறையில் ஹெட் கேஸ்கெட் செலவு மிஞ்சும். இரண்டிலும் டைமிங் செயினைத் தொட்டாக வேண்டும். அந்த வேலையில் அவருக்குப் பழக்கம் உண்டா என்பது விலையைவிட முக்கியம்.

எஞ்சினைத் திறக்கும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் பெறுங்கள். திறந்து பார்த்தபின் தொகை கூடினால், தங்களிடம் கேட்டு ஒப்புதல் பெறாமல் மேலே செல்லக் கூடாது. திறந்தபின் வேலை வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தால், கழற்றி மாட்டியதற்கு எவ்வளவு தர வேண்டும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதைக் கேட்காமல் விட்டவர்கள், பிரித்துப் போட்ட எஞ்சினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக வழியின்றி, சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்ள நேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் 6 லிட்டர் கூடுதல் ஆயில், அதாவது 2,700 ரூபாய். 72,000 ரூபாய்ச் செலவை ஆயில் மிச்சத்தால் ஈடுகட்ட 26 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 38,000 ரூபாய்க்கு 14 ஆண்டுகள். ஆகவே கார் நன்றாக இழுக்கிறது, புகைச் சான்றிதழ் கிடைக்கிறது, குறைவின் அளவு மாதத்துக்கு மாதம் கூடவில்லை என்றால், முழு எஞ்சின் வேலையை இப்போதே செய்யத் தேவையில்லை. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சமதளத்தில் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து, அளவு ஜாடியால் ஊற்றி, தேதியும் கிலோமீட்டரும் நோட்டில் எழுதி வாருங்கள். எரியும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெல்லக் கெடுக்கும் என்பதால், குறைவு 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டரைத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை பிசிவி வால்வு, வெளிக்கசிவு, கம்ப்ரஷன் டெஸ்ட் ஆகிய மூன்றுக்கு மட்டும் செலவழியுங்கள்.

கேள்வி: எனது 1.3 லிட்டர் டீசல் காரில் ஆயில் குறைகிறது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் இருப்பதைக் காட்டி, புதிய டர்போ மாற்ற 55,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: குழாயில் ஆயில் படலம் இருப்பது மட்டும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கெட்டதற்குச் சான்றாகாது; எஞ்சின் ஆவி அந்தப் பாதையில்தான் கலக்கிறது என்பதால், நல்ல நிலையிலுள்ள டீசல் காரிலும் ஈரம் இருக்கும். குழாயைச் சாய்த்தால் ஆயில் ஊற்றும் அளவுக்கு இருந்தால் கவலைப்பட வேண்டும். அப்போதும் டர்போவின் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இயல்பு. இறக்கை உறையில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் அசைந்தாலோ டர்போ தேய்ந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், ஆவிக்குழாய் அடைப்பு, டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயில் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் டர்போவை மாற்றுவது வீண். அந்த அடைப்புகள் அப்படியே இருந்தால் புதிய டர்போவும் ஆயில் கக்கும்.

டர்போதான் என்று உறுதியானாலும், முழு டர்போவுக்குப் பதில் நடுப்பகுதியான கோர் மட்டும் மாற்றி, பேலன்ஸ் பார்த்துத் தரும் டர்போ பட்டறைகள் உள்ளன. அந்த விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் தண்டு மிகுதியாக ஆடினால் முடிவை நாட்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சித் தானாகச் சீறத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால், மேனுவல் காரில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை முழு பலத்துடன் மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும்.

கேள்வி: என் கார் இன்னும் வாரண்டியில் உள்ளது. ஆயில் குறைகிறது என்று சொன்னால், இது இயல்பான அளவுதான் என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். வெளியே காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வெளியே எஞ்சினைத் திறந்தால், வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும், வேண்டாம். எவ்வளவு குறைந்தால் இயல்பு என்பது தங்கள் காரின் கையேட்டிலேயே இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். பிறகு, ஆயிலை நிரப்பி டிப் ஸ்டிக்கையும் மூடியையும் முத்திரையிட்டு, 1,000 கிலோமீட்டர் ஓட்டி அளக்கும் சோதனையைச் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சினில் இதே புகார் எழுந்தபோது, 1,200 மைல் ஓட்டி அளந்து, ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் குறைந்த கார்களுக்கு நிறுவனமே பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தது. அளவு கையில் இருந்ததால்தான் அங்கே உரிமையாளர்கள் வெறும் வாய்ப்பேச்சைக் கடந்து செல்ல முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் ‘ஆயில் குறைகிறது’ என்ற புகாரைக் கட்டாயம் பதியச் செய்யுங்கள். வாரண்டி முடிந்தபின் சிக்கல் பெரிதானால், காலத்துக்குள் புகார் செய்ததற்கு அதுவே ஆவணம். அப்போதும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.